வேப்பமரத்துப் பேயும் பட்டுக்கோட்டையாரும்

திரைப்பாடல் என்றாலே கொட்டகை வாசலில் உதறிவிட்டு வரவேண்டிய தூசு எனக் கருதும் புலவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள்முன் நாம் ஒரே ஒரு பாடலை வைக்க விரும்புகிறோம். 1961இல் வெளிவந்த ‘அரசிளங்குமரி’ படத்தில், ஜி. ராமநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய, சின்னப்பயலுக்குச் சேதி சொல்லும் பாடல் அது. எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அப்படம் திரைக்கு வருமுன்னரே, 1959 அக்டோபர் 8ஆம் நாள், இருபத்தொன்பதாம் வயதில் மறைந்துவிட்டார்.

விளையாடப் போகும் சிறுவனிடம் வேப்பமர உச்சியில் பேய் ஆடுகிறதென்று பெரியவர்கள் சொல்லிவைப்பதை அப்பாடல் நினைவூட்டுகிறது. ஏடுகளில் தேடி எடுத்த செய்தியா இது? 1930இல் பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குளத்தங்கரையிலும் வயல்வரப்பிலும் வளர்ந்த எந்தப் பிள்ளையின் செவியிலும் விழக்கூடிய சேதிதான். கவிஞரோ அந்தப் பேயை விசாரணைக்கு இழுக்கிறார். அச்சத்தை ஊட்டுவதால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி பாட்டின் அடியில் ஓடுகிறது. தனியுடைமைக் கொடுமை தீரத் தொண்டு செய்யுமாறு சிறுவனை ஏவும் இடத்தில் அது வெளிப்பட்டுவிடுகிறது. ராஜா ராணிக் கதைக்குள் இவ்வளவையும் நுழைத்தாரே, அந்தத் துணிச்சலே துணிச்சல்!

அவர் பதினான்கு வயதுச் சிறுவனாயிருந்த 1944இல்தான், பி. சீனிவாசராவ் முதலியோர் திரட்டிய விவசாயிகளின் போராட்டத்தால் மன்னார்குடி ஒப்பந்தம் உண்டாயிற்று. பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் புகட்டுவதும் இனிக் கூடாதென அது விதித்தது. பின்னாளில் கவிஞரும் அவ்வியக்கத்தில் உழைத்தார். மரத்துப் பேயைக் கண்டு நடுங்கிய பிள்ளை, வளர்ந்தபின் சவுக்கைக் கண்டு நடுங்குவான் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1967இல் பீட்டில்ஸ் குழுவினரும் தங்கள் லிவர்ப்பூல் பிள்ளைப்பருவத்துப் பெனி லேன் தெருவைப் பாட்டாக்கினர். இழந்த பருவத்தை எண்ணி ஏங்கும் இனிய பாட்டு, குறை சொல்வதற்கில்லை. பட்டுக்கோட்டையாருக்கு அந்த ஏக்கத்துக்கு நேரமில்லை.

ருவான்வெல்லைப் பகுதித் தோட்டங்களில் இப்பாடலைக் கேட்கையில் ஓரிடம் நம்மை நிறுத்துகிறது. பிள்ளையின் வீரம் கொழுந்துப் பருவத்திலேயே கிள்ளப்படுகிறது என்கிறார் கவிஞர். தஞ்சை உழவருக்கு அது உவமை. கொழுந்து பறித்தும் றப்பர் மரத்தில் பால் வெட்டியும் பிழைத்த லயத்து மக்களுக்கோ அன்றாடத் தொழில். பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இங்கும் பேய்கள் இருந்தன. மரத்திலிருந்தது ஒன்று, பங்களாவிலிருந்தது மற்றொன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அக்குழந்தைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியிருந்தது. இலங்கை வானொலியின் திரைப்பாடல்கள் லயங்களில் ஒலித்த காலமும் அதுவே. ஆளாகி நிமிரச் சொன்ன பாட்டு வந்து மூன்றாண்டுகளில், 1964 அக்டோபரில், சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று. எண்ணப்பட்டவர்களுள் சின்னப்பயல்களும் இருந்தனர். தலைமன்னாரில் கப்பலேறியபோது அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.