வாரம் ஒரு பென்னி

1742 பிப்ரவரி 15. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்டுகள் சிலர் கூடியிருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய ‘நியூ ரூம்’ ஆலயத்தின் மேல் கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்றார் கேப்டன் ஃபாய். அதற்கும் வழியில்லாத ஏழைகள் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று மறுப்பு எழுந்தது. அப்படியானால் ஏழையிலும் ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நானே போடுகிறேன் என்றார் அவர்.

பென்னி வாங்கப் போனவர்கள் வேறு செய்திகளோடு திரும்பினார்கள். ஒருவர் வீட்டில் ஓயாத சண்டை, இன்னொருவர் மறுபடி குடிக்கிறார். மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லி, தம் மக்களின் ஆத்துமாக்களைக் கவனிக்க நெடுநாள் தேடிய வழி இந்த வசூலில்தான் அகப்பட்டது.

ஒழுங்கு அவருக்குப் புதிதல்ல. அவர் வளர்ந்த எப்வர்த் போதகர் இல்லத்தில் தாய் சூசன்னா பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் தனியே பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார், ஜானுக்கு வியாழன். 1725இல் வெஸ்லி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் அவரும் தம்பி சார்லஸும் நண்பர்களும் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார்கள், வாரந்தோறும் திருவிருந்தில் பங்குபெற்றார்கள், 1730 முதல் கோட்டைச் சிறையில் கைதிகளைச் சந்தித்தார்கள். சக மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். பிற்பாடு அந்த நாட்குறிப்பு மணிவாரிக் கணக்காகவே மாறியது. சங்கேத எழுத்தில், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பக்தியில் மனம் எவ்வளவு ஊன்றியிருந்தது என்று ஒன்று முதல் ஒன்பது வரை தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு செய்தும் நிம்மதி இல்லை. 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போனவர் 1738இல் மனமுடைந்து திரும்பினார். அவ்வாண்டு மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூடுகையில்தான் கிறிஸ்துவின் கிருபையை நம்பி இளைப்பாறினார். அதன்பிறகும் அவர் தம் ஒழுங்குகளைக் கைவிடவில்லை. ஆனால் மணிக்கணக்கு மதிப்பெண்ணை, அவர் பிரசங்கத்தைக் கேட்டுச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கக் கூலிகளிடம் எதிர்பார்க்க முடியுமா? அவர்களுக்குப் பொருந்தியது பிரிஸ்டலில் அந்தப் பென்னி வசூலிலிருந்து பிறந்த ‘வகுப்பு’ ஏற்பாடுதான்.

வீடு வீடாய்ப் போவது சிரமமானதால் பன்னிரண்டு பேர் அளவில் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். பாட்டு, ஜெபம், பிறகு அந்த வாரம் ஆத்துமா எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் விசாரிப்பு. வகுப்புத் தலைவர் குருவானவராக இருக்கவேண்டியதில்லை. கைத்தொழிலாளியும் இருந்தார், பெண்களும் இருந்தார்கள். வார நாட்களில் மற்றவர்களுக்குக் கீழ்ப்படிந்தே பழகிய ஒரு மனுஷி, பிறருடைய ஆத்துமாவுக்குப் பொறுப்பேற்றாள். அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்!

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து, நிலைத்திருப்பவர்களுக்குப் புது உறுப்பினர் சீட்டு கொடுத்தார்கள். விசாரணை கடுமையானது. 1743 மார்ச்சில் நியூகாசிலில் வெஸ்லி 64 பேரை நீக்கி, காரணங்களையும் குறித்துவைத்தார். குடிக்காக 17 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர். மிகப் பெரிய எண்ணிக்கை 29. அவர்கள் செய்த குற்றம் வெறும் அசட்டை, விளையாட்டுத்தனம். மெல்ல மெல்ல நழுவுவதையும் வெஸ்லி அஞ்சினார் என்பதற்கு இது சான்று.

பேச்சு வன்மையில் அவரை மிஞ்சியவர் சக பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட். திறந்தவெளிப் பிரசங்கத்துக்கு வெஸ்லியை இழுத்துவந்தவரே அவர்தான். ஆனால் கேட்டவர்களை இப்படி வகுப்பு வகுப்பாகக் கட்டிக் காக்கும் வேலையை வெஸ்லி அளவுக்கு அவர் செய்யவில்லை. 1791இல் வெஸ்லி மறைந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக ஏறக்குறைய 72,000 உறுப்பினர்கள் இருந்தார்கள்.

1813 இறுதியில் தாமஸ் கோக் தலைமையில் இலங்கைக்குப் புறப்பட்ட மெதடிஸ்ட் மிஷனரிகள் இதே வகுப்பு வழக்கத்தில் வளர்ந்தவர்கள். கோக் நடுக்கடலில் இறந்தார். மற்றவர்கள் கரையேறி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஊழியம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார்.