சுவாஷ் எழுத்து வந்த வழி

ரஷ்யாவின் சுவாஷ் குடியரசில், வோல்கா நதிக்கரையில் உள்ள செபோக்சரி நகரத்தின் பெயர்ப் பலகைகளை, ரஷ்ய எழுத்து தெரிந்தவர் ஓரளவு கூட்டி வாசித்துவிடலாம். நான்கு எழுத்துகள் மட்டும் தடுக்கும். இரண்டு உயிர்களின் தலையில் குட்டிக் கிண்ணம், இன்னொன்றின் மேல் இரு கோடு, ஒரு மெய்க்கு அடியில் வால். இவை சுவாஷ் மொழிக்காக வந்தவை.

மற்றத் துருக்கிய மொழிகளிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளையில் இன்று உயிரோடிருப்பது சுவாஷ் மட்டுமே. அதன் மூதாதை மொழியை 13, 14ஆம் நூற்றாண்டு வோல்கா பல்கர் கல்லறைக் கற்களில் அரபி எழுத்தில் பார்க்கலாம். பிறகு அந்த எழுத்து வழக்கொழிந்தது. 1769இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் இலக்கண நூல் அச்சானது; உழவர் வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

எழுத்தை அங்கே சேர்த்தவர் இவான் யாகோவ்லெவ். தாய் தந்தையற்ற சுவாஷ் பையன். 1868இல் சிம்பிர்ஸ்கில் தான் மாணவனாக இருக்கும்போதே தன் இனச் சிறுவர்களை அழைத்துவந்து பள்ளி தொடங்கினார். 1872இல் அரிச்சுவடி வந்தது. மறு ஆண்டே அதைச் செதுக்கி 25 எழுத்துகளாக்கினார். அதில் ஒரு நுட்பம் நமக்குச் சட்டென்று பிடிபடும்: நம் 'க', 'ப' போலவே சுவாஷ் மெய்களும் சொல்லின் நடுவே இடத்தைப் பொறுத்து மெலிந்து ஒலிக்கும். ஆகவே அந்த ஒலிகளுக்கான ரஷ்ய எழுத்துகளை அவர் சேர்க்கவே இல்லை.

பள்ளிக்குத் துணைநின்ற கல்வி அதிகாரி இல்யா உல்யானவ், லெனினின் தந்தை. 1918இல் யாகோவ்லெவுக்கு நெருக்கடி வந்தபோது, அவரை அவர் பணியிலிருந்து பிரிக்க வேண்டாம் என்று லெனினே தந்தி அடித்தார்.

கிறித்தவத்தையும் ரஷ்யப் பற்றையும் ஊன்றத்தான் ஜார் அரசு தாய்மொழிப் பள்ளிகளுக்கு இடம் கொடுத்தது. விளைந்ததோ இலக்கியம். அந்தப் பள்ளியில் படித்த கான்ஸ்தந்தின் இவானவ் இருபது வயதுக்கு முன்பே 'நர்ஸ்பி' காவியத்தை எழுதி முடித்தார்.

1938இல், ரஷ்யச் சொற்களை ரஷ்ய முறைப்படியே எழுதவேண்டும் என்று விடுபட்ட ரஷ்ய எழுத்துகளும் நுழைந்தன. இன்று மொத்தம் 37. கணினி வந்த புதிதில் சுவாஷுக்கே உரிய அந்த நான்கு எழுத்துகளும் விசைப்பலகையில் இல்லை. சாயலில் ஒத்த லத்தீன் எழுத்துகளை இடையில் செருகிச் சமாளித்தார்கள். இப்போது அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது.

தீராதது வேறு. 2018இல் வந்த ரஷ்யச் சட்டம் குடியரசுகளின் மொழிப்பாடத்தைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. 2010 கணக்கெடுப்பில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்த சுவாஷ் பேசுவோர் தொகை, 2021இல் சுமார் 7 லட்சம்.