1,024 மாடங்கள்: கொல்கத்தாவில் பிறந்த குற்றவியல் கணக்கு

குற்றவியலில் முதுகலை படிக்கும் எவரும் 'ஹென்றி வகைப்பாடு' என்ற பாடத்தைத் தாண்டிப் போக முடியாது. பத்து விரல்களின் ரேகைகளை ஒரு பின்னமாகச் சுருக்கும் இந்த முறைக்கு, வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அவரிடம் பணியாற்றிய இரண்டு வங்காளிகள்: அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ்.

கதை அவர்களுக்கும் முன்பே தொடங்குகிறது. 1858-இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கப்பி தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தில் பதிக்கச் செய்தார். பிறகு பல ஆண்டுகள் ரேகைகளைச் சேர்த்துவந்தவர், 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம், பத்திரப் பதிவு, சிறை மூன்றிலும் விரல் ரேகையைப் புகுத்தினார். ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இராது என்பது துலங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் ஒரு தாளைத் தேடி எடுப்பது எப்படி என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

அன்று காவல்துறை நம்பியிருந்தது பாரிஸின் அல்போன்ஸ் பெர்ட்டியோன் வகுத்த உடல் அளவை முறையை. தலையின் நீளம், கையின் நீளம் என்று அளந்து பதிவார்கள். அளப்பவர் மாறினால் அளவும் மாறியது. லண்டனில் பிரான்சிஸ் கால்டன் விரல் ரேகை பற்றி 1892-இல் வெளியிட்ட நூல் ஹென்றிக்கு மாற்றுவழி காட்டியது. ஆனால் கால்டனின் வகைப்பாடு பெரிய ஆவணத் தொகுப்புக்கு ஈடுகொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்த ஹக் வருகிறார். விரல்களை இரண்டிரண்டாக ஐந்து இணைகளாக்கி, இணைகளுக்கு 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு தரப்பட்டது. சுழல் உள்ள விரலுக்கு மட்டுமே அந்த மதிப்பு. கண்ணி, வில் வடிவ ரேகைகளுக்குப் பூச்சியம். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பு பின்னத்தின் மேலே சேரும், மற்றது கீழே சேரும். இரண்டு கூட்டுத்தொகையோடும் ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 32 வரையுள்ள இரண்டு எண்கள் கிடைக்கும். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினால் 1,024. அத்தனை மாடங்கள் கொண்ட அலமாரி இருந்தால் போதும். கைதியின் தாள் எந்த மாடத்தில் இருக்கும் என்பதை அவன் விரல்களே சொல்லிவிடும். கணினி இல்லாத காலத்தில் இரட்டை எண் முறையைக் காவல்துறை அலுவலகத்துக்குள் கொண்டுவந்த அறிவு இது.

நில அளவைத் துறைத் தலைவர் சார்லஸ் ஸ்ட்ராஹனும் வேதியியலாளர் அலெக்சாண்டர் பெட்லரும் அடங்கிய குழு முறையைச் சோதித்துப் பரிந்துரைத்தது. 1897 ஜூன் 12 அன்று இந்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. கொல்கத்தாவில் எழுந்த விரல் ரேகைக் கூடமே உலகின் முதல் கூடம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அர்ஜென்டினாவில் ஹுவான் வுசெட்டிச் தனியாக இன்னொரு வகைப்பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்ததையும் மறக்கக் கூடாது.

அதையொட்டிய காலத்தில் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்புக் கறையாக ஒரு விரல் பதிவு. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த முன்னாள் வேலையாள் காங்காலி சரணின் ரேகையோடு அது பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஒருவன் ஓரிடத்தில் இருந்தான் என்பதை மட்டுமே ரேகை காட்டும், என்ன செய்தான் என்பதைக் காட்டாது என்ற வரம்பு முதல் பெரிய வழக்கிலேயே தெளிவாக வகுக்கப்பட்டது. தடயவியல் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

ஹென்றி 1901-இல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய் அங்கும் கூடம் அமைத்தார். ஹக்குக்கும் போஸுக்கும் பட்டமும் ஆளுக்கு 5,000 ரூபாய் வெகுமதியும் வந்தன. போஸுக்குக் கிடைத்தபோது 1920-கள் பிறந்துவிட்டன. தம் ஊழியர்களில் ஹக்கின் பங்கே பெரிது என்று ஹென்றி 1926-இல் எழுத்தில் ஒப்புக்கொண்டார். வகைப்பாட்டின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வரலாற்றுக்குத் தமிழ்நாட்டில் கசப்பான ஒரு கிளை உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் பிறப்பின் பேரால் ரேகை வைக்க வேண்டியிருந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்து நின்றவர்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள். கொல்கத்தாவின் கணக்கில் பிழை இல்லை. யாருடைய விரலை மையில் அழுத்துவது என்று அதிகாரம் எடுத்த முடிவில்தான் அநீதி இருந்தது.

விடுதலைக்குப் பிறகு கொல்கத்தாவில் 1952-இல் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகமும் 1957-இல் மத்திய ஆய்வகமும் அமைந்தன. குற்றவியலைப் பல்கலைக்கழகத் துறையாக்கிய முன்னோடிப் பெருமை 1959-இல் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பின்னர் சென்னையிலும் திருநெல்வேலியிலும் துறைகள் வேரூன்றின.

இன்று தேசியத் தானியங்கி ரேகை அமைப்பு நொடிகளில் தேடித் தருகிறது. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கி, உடல் அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க வழிசெய்திருக்கிறது. இந்தச் சட்டத்தை எடைபோடப்போகிறவர்கள் இன்றைய முதுகலை மாணவர்கள். அவர்களுடைய பாடத்திட்டத்தில் ஹக், போஸ் பெயர்கள் ஹென்றியின் பெயரோடு வர வேண்டும். ஜல்பைகுரித் தீர்ப்பும் பெருங்காமநல்லூரும் ஒரே தாளில் இடம்பெற வேண்டும்.