யேசுவின் காலத்து மனிதர்கள்: வரலாறா, புனைவா?

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகள் இடம்பெயர்வின்போது எரிந்து போயின. பின்னர் பிறப்பை உறுதிப்படுத்த அலுவலகமொன்றுக்குப் போனபோது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மாவின் சத்தியக்கடதாசிதான் கடைசியில் கைகொடுத்தது. "யேசு என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?" என்று இளையோர் கேட்கும்போதெல்லாம் அந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

கேள்வி புதிதல்ல. 19 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியரான புரூனோ பௌவரும், 1909 இல் ஆர்தர் ட்ரூஸும் யேசு ஒரு புனைவே என்று வாதிட்டனர். நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டுச் சான்றுகளை மட்டும் பார்ப்போம்.

மிகப் பழைய சான்று, கி.பி. 50களில் எழுதப்பட்ட பவுலின் கடிதங்கள். எருசலேமில் பேதுருவுடன் 15 நாட்கள் தங்கியதையும், யேசுவின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே சொல்கிறார். அதே யாக்கோபு கி.பி. 62 இல் கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர் அல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் கி.பி. 93 அளவில் பதிவு செய்தார். அவரது நூலில் யேசுவைப் புகழும் வேறொரு பத்தியும் உண்டு. ஆனால் அதிற் பிற்காலக் கிறிஸ்தவப் பிரதியாளர்கள் கைவைத்துள்ளனர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கி.பி. 116 அளவில் ரோம வரலாற்றாசிரியர் டசிட்டஸ், பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்துவுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டதை எழுதினார்.

அந்தப் பிலாத்துவின் பெயர் பொறித்த கல், 1961 இல் செசரியாவில் இத்தாலிய அகழ்வாராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்தது. பழைய அரங்கமொன்றின் படிக்கட்டில் அது மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்தது.

ஆயினும் ஒரு பெயர் மெய்யானதென்பதால் கதை முழுவதும் மெய்யாகிவிடாது. புனித தோமையார் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லும் 'தோமாவின் பணிகள்' 3 ஆம் நூற்றாண்டு நூல். அதில் வரும் குந்தபோரஸ் மன்னனின் நாணயங்கள் 19 ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. மன்னன் இருந்தான் என்பதற்கு அவை சான்று. தோமையார் அவனிடம் வந்தார் என்பதற்கு அவை சான்றல்ல. மயிலாப்பூர் மரபையும் இந்த அளவுகோலாலேயே பார்க்க வேண்டும்.

இன்று கடவுள் நம்பிக்கையற்ற ஆய்வாளர்கள் உட்படப் பெரும்பாலானோர், யேசு வாழ்ந்தார், யோவானிடம் திருமுழுக்குப் பெற்றார், சிலுவையில் அறையப்பட்டார் என்பதை ஏற்கின்றனர். புதுமைகளும் உயிர்ப்பும் நம்பிக்கைக்கு உரியவை. வரலாற்று முறையால் அவற்றை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

கி.பி. 70 இல் ரோமப் படைகள் எருசலேமை எரித்தன. அங்கு வாழ்ந்த சாதாரண மனிதர்களில் எத்தனை பேருக்கு ஏடு எஞ்சியிருக்கும்? எழுத்தில் இல்லாததால் மட்டும் ஒருவர் இருக்கவில்லை என்று முடிவு கட்ட என்னால் இயலாது. அதேவேளை, சொல்லப்படுவதை எல்லாம் ஆராயாமல் ஏற்கவும் இயலாது. எனக்காகக் கையொப்பமிட்ட பெரியம்மாவும், தன் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்.