கண்ணாடிக்குள் கடல் வந்த கதை



மம்பாவிலிருந்து ரோட்டைப் பிடித்து லுக்குட் தாண்டினால் போர்ட்டிக்சன் கடற்கரை. லீவு நாளில் சோற்றுப் பொட்டலத்தோடு அங்கே போய்க் கால் நனைக்காத தோட்டக் குடும்பம் உண்டா? அந்தக் கடலை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். முடியும் என்கிறது வரலாறு. லோங்காங்கில் பிடித்த மீனை ஜாம் போத்தலில் வளர்ப்பது நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. ஆனால் உப்புத்தண்ணீர் மீனும் பவளமும் வேறு சங்கதி. அந்தக் கலை பிறந்து 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் வரலாற்றில் முக்கால்வாசி, கண்ணுக்குத் தெரியாமல் உழைத்தவர்களின் வரலாறு.

பால்மரம் ஏறிவந்த பெட்டி

1829ஆம் ஆண்டுவாக்கில் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் ஓர் அதிசயத்தைக் கண்டார். மூடிவைத்த கண்ணாடிப் போத்தலுக்குள் செடிகள் தாமே முளைத்து, தங்கள் ஈரத்திலேயே பிழைத்துக் கிடந்தன. அவர் அதையே பெரிய பெட்டியாகச் செய்தார். கப்பலில் மாதக்கணக்கில் வந்தாலும் அதற்குள் இருக்கும் செடி சாகாது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,900க்கு மேற்பட்ட ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. அவை வந்தது 38 வார்ட் பெட்டிகளில்தான்! மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் பாட்டன் பாட்டி விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரத்தின் வம்சாவளி அங்கேதான் தொடங்குகிறது.

செடிக்குக் கண்ணாடி வீடு கட்டியவர்கள் மீனுக்கும் கட்டிப் பார்த்தார்கள். நீர்ச்செடியும் மீனும் நத்தையும் ஒன்றாக இருந்தால் தண்ணீர் கெடாது என்று 1850இல் எழுதினார் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர்.

பெயர் தெரியாத ஒரு வேலைக்காரப் பெண்

அதற்கும் முன்பே, 1846இல், ஆனா தைன் என்ற சீமாட்டி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டுமே! இன்று போல மின்சார பம்ப் ஏது? அவர் வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று, அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவாள். டீ ஆற்றுவதுபோல, அரைமணி, முக்கால்மணி நேரம்! பவளங்கள் பிழைத்தன, குட்டியும் போட்டன. சீமாட்டியின் பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது. கை வலிக்க ஊற்றிய பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. பால்வாளி தூக்கிப் பழகியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு கடல்தொட்டி ஆசையை மூட்டிவிட்டது. ஜனங்கள் கூடை கூடையாகக் கரையோர உயிர்களை அள்ளினார்கள். பாறைக் குட்டைகள் வெறிச்சோடிப் போயின. தந்தையின் நூல் கிளப்பிய ஆசை கடற்கரையைச் சூறையாடிவிட்டதே என்று அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருந்தி எழுதினார்.

மரீனாவும் ஜகார்த்தாவும்

தமிழ் மண்ணுக்கு இந்தக் காட்சி வந்தது 1909 அக்டோபரில். சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மரீனா கடற்கரையில் மீன்காட்சிச் சாலை எழுந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. ரப்பர் விலை ஏறி, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவர்கள் ஆயிரம் ஆயிரமாக மலாயாவுக்குக் கப்பலேறியதும் அதே ஆண்டுகளில்தான். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுப் பயத்தில் அந்தச் சாலை மூடப்பட்டது. நம் பக்கத்தில், சிங்கப்பூரில் வான் கிளீஃப் மீன்காட்சிச் சாலை 1955இல் திறந்து, 1990களில் முடிவுக்கு வந்தது.

மீன் வளர்ந்தது சரி. பவளம் மட்டும் வீட்டில் பிழைக்க மறுத்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் நம் அண்டை நாட்டுக்காரர், ஜகார்த்தாவின் லீ சின் எங். உயிர் ஒட்டியிருக்கும் கடற்பாறையைத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டு, நல்ல வெளிச்சம் காட்டினார். பவளம் வளர்ந்தது. 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் இதை அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை.

பாறைக்குள் யார் வேலை செய்தார்கள்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்! மீன்கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் பிறக்கிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷமே. இன்னொருவகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். இந்த உயிர்களை 1890இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. அன்று அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று செய்தாளே, அதுபோல இவை இராப்பகலாகத் தொட்டியைக் காக்கின்றன.

நீங்கள் அமைப்பதானால்

முதலில் திட்டம், பிறகு பணம். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் சீக்கிரம் கெடும். 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அத்தோடு பாறையும் கண்ணாடியும் இருக்கின்றன. தாங்கும் மேசை வேண்டும். வெயில் அடிக்கும் ஜன்னலோரம் ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; அதை நீக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்; 200 லிட்டருக்கு 7 கிலோ. சமையல் உப்பு உதவாது. இதற்கென்று விற்கும் கடலுப்புதான் வேண்டும். சூடு 25, 26 டிகிரியில் நிற்பது நல்லது. நம் ஊர் வெக்கைக்குத் தண்ணீர்மேல் ஒரு சின்ன விசிறி பெரிய உதவி.

பாறையை வைத்து, தண்ணீரைச் சுழலவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் சும்மா காத்திருங்கள். நுண்ணுயிர்கள் குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். "மீன் எங்கேப்பா?" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். பதறாத காரியம் சிதறாது! சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சூனியம் என்று காட்டிய பிறகே ஒன்றிரண்டு மீன். பவளத்துக்கு இன்னும் சில மாதம் பொறுங்கள். தண்ணீர் வற்றினால் உப்பில்லாத சுத்தத் தண்ணீரையே ஊற்றவேண்டும். உப்பளத்தில் பாருங்கள், ஆவியாவது தண்ணீர்தான், உப்பு போவதில்லை. கரண்ட் போனால் பேட்டரிக் காற்றுப் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

கடல் கடலிலேயே இருக்கட்டும்

பவளத்தின் உடம்புக்குள்ளும் நுண்ணிய பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் சோறு சமைத்துக் கொடுக்கிறது. கடல் அதிகம் சூடானால் பாசி வெளியேறும்; பவளம் வெளுத்துச் சாகும். 1998, 2010, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் அப்படி வெளுத்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுத்த அரண் போனது. இரண்டு தீவுகளே மூழ்கின. 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின.

ஆகையால் மாணவர்களே, தஞ்சோங் துவானிலோ போர்ட்டிக்சனிலோ ஒரு பவளத் துண்டையும் எடுத்து வராதீர்கள். மரவள்ளிக் குச்சியை ஒடித்து நட்டால் முளைக்கிறதல்லவா? பவளத்தையும் அப்படியே துண்டாக்கித் தொட்டியிலே வளர்த்து விற்கிறார்கள். அதை வாங்கி வளர்ப்போம். தொட்டி வைக்க வசதியில்லையா? கவலை வேண்டாம். தண்ணீர் வற்றும் நேரம் கரைப்பாறையில் உட்கார்ந்து, ஒரு குட்டையை உற்றுப் பாருங்கள். காசில்லாத கண்ணாடித் தொட்டி அது. பார்த்துவிட்டு, இருந்தது இருந்தபடியே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பிள்ளைகளும் அதைப் பார்க்கவேண்டும்.