அலமேலம்மாவின் சாபம்: மைசூர் அரண்மனை மறக்க மறுத்த பெண்

மைசூர் தசராவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொற்சிம்மாசனத்தோடும் யானை ஊர்வலத்தோடும் நின்றுவிடுகின்றனர். அதே நவராத்திரி நாட்களில் அரண்மனைக்குள் இன்னொரு பெண்ணுக்கும் பூசை நடைபெறுகிறது. அவள் உடையார் குலத்தில் பிறந்தவளோ வாழ்க்கைப்பட்டவளோ அல்லள். அக்குலத்தின் தெய்வமான சாமுண்டீஸ்வரியும் அல்லள். அக்குலத்துக்கு வாரிசு இல்லாமற் போகட்டும் என்று சபித்தவளாகக் கருதப்படும் அலமேலம்மா அவள். நானூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கும் இந்த அரசகுலப் பெண்ணைப் பற்றியது இப்பதிவு. சற்று நீளமானது, வரலாறும் நாட்டார் வழக்காறும் பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் கதை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாக ஆண்டவர் திருமலைராயர்; வாய்மொழி மரபு அவரை ஸ்ரீரங்கராயர் என்றும் அழைக்கும். அவருக்கு ராஜபிளவை கண்டது. நோய் தீரத் தலக்காட்டு வைத்தியேஸ்வரரை வணங்கச் சென்றார், அங்கேயே இறந்தார். 1610இல் மைசூரின் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்டார். கைம்பெண்ணான அலமேலம்மா மாலங்கியில் தங்கினாள். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாயகித் தாயாருக்கு அணிவிக்கப்பட்ட முத்து நகைகள் அவளிடம் இருந்தன. கோயிலார் அவற்றைக் கேட்டனர். உடையார் ஆள் அனுப்பினார். அவள் ஒரு முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்துவிட்டு, எஞ்சிய நகைகளை மடியில் கட்டிக்கொண்டு காவிரியில் குதித்தாள். குதிக்கும்போது மூன்று சாபங்கள்: தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற் போகட்டும். வருந்திய உடையார் அவளுக்கு உருவம் சமைத்து அரண்மனையில் வழிபாடு ஏற்படுத்தினார்.

இக்கதையைக் கேட்டவுடன் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று: நம்புவது, அல்லது மறுப்பது. இரண்டிலும் கதைக்குள் இருக்கும் வழக்கு காணாமற்போகிறது. வழக்கு என்று நான் குறிப்பது நீதிமன்றம் ஏறும் வழக்கையே. அந்த நகைகள் யாருடையவை?

பி. லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியரில் இதே மரபு வேறு வடிவில் பதிவாகியுள்ளது. அதில் அவள் பெயர் ரங்கம்மா. கணவர் தலக்காடு சென்றபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவளிடமே ஒப்படைக்கப்படுகிறது. கணவர் சாகும் தறுவாயில் இருப்பதைக் கேட்டு, அவரைக் காணப் புறப்படும்போது நகரத்தை ராஜ உடையாரிடம் விட்டுச் செல்கிறாள். பின்னர் உடையார் கேட்பது அவளுக்கே உரிய ஓர் அணிகலனை. அதைப் பெற முடியாதபோது படை வருகிறது. அவள் நகையை ஆற்றில் எறிந்து தானும் மூழ்குகிறாள்.

இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதல் வடிவில் நகை தேவியின் சொத்து. அதைத் திருப்பித் தர மறுத்த கைம்பெண்ணே குற்றவாளி. உடையார் கோயிலின் சார்பில் கேட்டவர். இரண்டாம் வடிவில் நகை அவளுடைய சீதனம். கேட்டவர் வலிமையால் பறிக்க முயன்றவர். முதல் வடிவில் நகரம் வெல்லப்படுகிறது. இரண்டாம் வடிவில் ஆட்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து பெறப்படுகிறது. பெயர் மாறினும், மாறாமல் நிற்பது ஒன்று: ஓர் ஆட்சி மாற்றத்தின்போது கைம்பெண்ணின் உடைமைக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வி.

1610ஆம் ஆண்டு நிகழ்வைப் பற்றித் தெளிவான ஒரே கூற்று அன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ், தாம் கண்ட ஏடுகள் இவ்விடத்தில் ஒன்றோடொன்று முரண்படுவதைக் குறிப்பிடுகிறார். மனமுவந்து கொடுக்கப்பட்டதா, சூழ்ச்சியால் பெறப்பட்டதா, போரால் வெல்லப்பட்டதா என்பதில் ஏடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. புதிய அரசுக்கு இம்மூன்றும் ஒன்றல்ல. விஜயநகரத்தின் சிற்றரசராக இருந்தவர், அப்பேரரசின் பிரதிநிதியை விலக்கிவிட்டு அவரது இருக்கையில் அமர்கிறார். அதே 1610இல் விஜயநகர மன்னர்களின் மகாநவமி விழாவையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்குகிறார். 1612இல் பேரரசர் இரண்டாம் வேங்கடர் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் உம்மத்தூரையும் அவருக்கு மானியமாக அளித்ததும் ஆட்சி ஏற்பு முறைப்படி நிறைவுபெறுகிறது.

சாபம் நிகழ்ந்த ஆண்டாகப் பலரும் குறிப்பிடுவதும் 1612தான். மானியமும் சாபமும் ஒரே ஆண்டில் வைக்கப்பட்டிருப்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. பேரரசர் கொடுத்தது எழுத்தில் உள்ள உரிமை. அவ்வுரிமையை இழந்த குடும்பத்துக்கு எழுத்தில் இடமில்லை. ஆகவே அக்குடும்பத்தின் மறுப்பு ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லாகக் கதையில் நிலைத்தது என்பது என் வாசிப்பு.

இனிச் சாபத்தின் மூன்று உறுப்புகளையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

தலக்காடு தமிழ் மாணவர்களுக்கு அயலான ஊரன்று. மேலைக் கங்கர்களின் தலைநகராக இருந்து, முதலாம் இராசராசன் காலத்தில் சோழர் வசமாகி, இராசராசபுரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹொய்சளன் விஷ்ணுவர்த்தனன் அதைச் சோழரிடமிருந்து கைப்பற்றித் ‘தலக்காடுகொண்ட’ என்ற விருதைச் சூடினான். 1117இல் அங்குக் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். காவிரி வளைந்து திரும்பும் கரையில் அமைந்த இவ்வூரின் பழைய பகுதி இன்று மணற்குன்றுகளுக்கு அடியில் உள்ளது. முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் புதையுண்டதாகவும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் ஆண்டுக்கு 9 அல்லது 10 அடி முன்னேறுவதாகவும் ரைஸ் எழுதினார். பஞ்சலிங்க தரிசனம் நடைபெறும் ஆண்டுகளில் பாதாளேஸ்வரர், மருளேஸ்வரர் சந்நிதிகளைச் சூழ்ந்த மணலை இன்றும் அகற்றவேண்டியிருக்கிறது.

இம்மணலுக்கு இயற்கைக் காரணம் உண்டு. வேளாண் அறிவியலாளரும் கன்னட நாவலாசிரியருமான கே. என். கணேசய்யா இதை ஒரு சூழலியல் பேரிடராக விளக்குகிறார். விஜயநகர அமைச்சர் மாதவ மந்திரியின் பெயரால் வழங்கும் அணை 14ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே எழுந்தது. நீர் குறைந்து ஆற்றுப்படுகையின் மணல் வெளிப்பட்டது. பருவக்காற்று அதை வாரிக் கரைமேல் குவித்தது. இவ்விளக்கத்தை ஏற்றால் மணல் சாபத்துக்கு முந்தியது. ஊர் ஏற்கெனவே புதைந்துகொண்டிருந்தது. காரணம் பின்னர் வந்து சேர்ந்தது. மாலங்கியின் மடுவும் அவ்வாறே. மடு என்ற சொல் கன்னடத்திலும் தமிழிலும் ஆழமான நீர்நிலையையே குறிக்கும். வளைந்தோடும் ஆற்றின் வெளிக்கரையில் நீர் அரித்து ஆழமாவது காவிரிக்கு மட்டும் உரிய இயல்பன்று.

மூன்றாம் சாபமே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. ராஜ உடையாரின் மூத்த மகன் நரசராஜர் 1610இல், முதல் நவராத்திரிக்கு முந்திய நாளில் இறந்தார் என்பது அரண்மனை மரபு. அச்சாவு சாபத்துக்கு இரண்டாண்டு முந்தியது. 1617இல் ராஜ உடையாருக்குப் பின் பட்டமேறியவர் பேரன். இதுவரை கதைக்குச் சாதகம் போலத் தோன்றலாம். ஆனால் 1673இல் ஆட்சிக்கு வந்த சிக்கதேவராஜருக்குப் பின் 1704இல் அவர் மகன் இரண்டாம் கண்டீரவ நரசராஜரும், 1714இல் அவருடைய மகன் முதலாம் கிருஷ்ணராஜரும் அரியணை ஏறினர். தந்தை, மகன், பேரன் என்று 1732 வரை நேர்வாரிசு தொடர்ந்தது. சாபம் பலித்தது என்போர் இந்த அறுபது ஆண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை.

‘ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை’ என்ற இன்றைய வாய்பாடு பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டு நிகழ்வுகளிலிருந்து பின்னோக்கி வரையப்பட்டது. மூன்றாம் கிருஷ்ணராஜர் தத்தெடுத்தார். தத்துமகன் சாமராஜேந்திரருக்கு மகன்கள் இருந்தனர். அவர்களில் நான்காம் கிருஷ்ணராஜர் பிள்ளையின்றி 1940இல் இறந்தார். தம்பி மகன் ஜயசாமராஜர் பட்டமேறினார். அவருடைய மகன் ஸ்ரீகண்டதத்தர் 2013இல் பிள்ளையின்றி மறைந்தார். 2015இல் தத்தெடுக்கப்பட்ட யதுவீரருக்கு 2017 டிசம்பரில் மகன் பிறந்தபோது, நானூறு ஆண்டுச் சாபம் நீங்கியது என்று செய்தித்தாள்கள் எழுதின. வாய்பாட்டின்படியே பார்த்தால் தத்தாக வந்தவருக்குப் பிள்ளை பிறப்பது சாபத்தின் ஒழுங்குக்கு உட்பட்டதே. சாபத்தை முறித்ததாகக் கொண்டாடப்பட்ட பிறப்பு, சாபம் கூறுவதாக நம்பப்பட்டதையே நிறைவேற்றியது. கதைகளின் கணக்கு இப்படித்தான். அதற்குத் தோல்வியே இல்லை.

அப்படியானால் பிள்ளையின்மை ஏன் இவ்வளவு கனமான செய்தியாயிற்று? அரசியல் காரணம் தெளிவானது. வாரிசற்ற அரசு நம்முடையது என்ற கொள்கையால் கும்பினி 1848இல் சதாராவையும் 1854இல் ஜான்சியையும் விழுங்கியது. மைசூரின் நிர்வாகம் 1831 முதலே ஆங்கிலேயர் கையில் இருந்தது. அக்கொள்கை கைவிடப்பட்ட பின்னரும், 1865இல் மூன்றாம் கிருஷ்ணராஜர் செய்த தத்தெடுப்பு உடனே ஏற்கப்படவில்லை. 1867இல்தான் இசைவு கிடைத்தது. 1881இல்தான் ஆட்சி திரும்பியது. அந்த ஆண்டுகளில் மைசூரில் பிள்ளையின்மை என்பது குடும்பத் துயரம் மட்டுமன்று. நாடு இருக்குமா என்னும் கேள்வி. அத்தகைய காலத்தில் பழைய சாபம் புதிய பொருள் பெறுவதும், கெசட்டியரில் ஏறுவதும் இயல்பே.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். சாகாமையைத் தேடியவர்கள் நம் மரபில் ரசவாதிகள். மேருதுங்கர் 1305இல் தொகுத்த பிரபந்த சிந்தாமணியில் ஓர் அரசி வருகிறாள்: சாதவாகனனின் தேவி சந்திரலேகை. ரசம் சித்தியாக வேண்டுமானால் கற்புடைய பெண்ணொருத்தி அதை அரைக்க வேண்டும் என்பதால், நாகார்ச்சுனன் அவளை இரவுதோறும் வரவழைத்துப் பார்சுவநாதர் திருமுன் ரசம் அரைக்கச் செய்கிறான். பொன்னும் மரணமின்மையும் ஆண்களின் குறிக்கோள். அரசியின் கற்பும் உழைப்பும் கருவி. அலமேலம்மாவின் கதையிலும் பொன் உண்டு, கற்புடைய அரசியும் உண்டு. ஆயினும் அவள் கருவியாக மறுக்கிறாள். பொன்னையும் ஆற்றுக்கே கொடுக்கிறாள். மருந்தோ மந்திரமோ இல்லாமல் சாகாமை பெற்றவள் அவள்.

தமிழ் வாசகருக்குக் கண்ணகி நினைவுக்கு வருவாள். அங்கும் தொடக்கம் ஒரு நகை வழக்கே. அங்கும் கைம்பெண்ணின் சொல் நகரை அழிக்கிறது. அங்கும் தவறிழைத்த குலம் சாந்தி செய்கிறது. கொற்கையின் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழவு எடுத்ததைச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்லும். ஆனால் மதுரையில் கண்ணகி தன் வழக்கை அரசன்முன் உரைத்தாள், சிலம்பை உடைத்துக் காட்டினாள், தீர்ப்புப் பெற்றாள். அலமேலம்மாவுக்கு அவையே கிடைக்கவில்லை. அவள் வழக்கைக் கேட்டது காவிரி மட்டுமே.

அரண்மனை ஏன் அவளை வழிபட்டது என்பதற்கு அச்சம் ஒரு காரணம்; ஆனால் அது மட்டும் நானூறு ஆண்டுகள் தாங்காது. பழைய ஆட்சியின் கடைசிப் பிரதிநிதி ஒரு கைம்பெண். அவளைத் தெய்வமாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும் குலம், விஜயநகரத்தின் விழாவோடு அதன் மனத்தாங்கலையும் சேர்த்தே உரிமையாக்கிக்கொள்கிறது. பூசை பெறும் தெய்வம் சொத்தைத் திரும்பக் கேட்பதில்லை. அதே வேளையில், பூசை நடக்கும்வரை கேள்வியும் அழிவதில்லை. வென்றவன் தன் வீட்டுக்குள்ளேயே எதிர்வழக்கின் சான்றைப் பாதுகாத்துவருகிறான். இந்த இரட்டைத்தன்மையே இவ்வழிபாட்டை ஆய்வுக்கு உரியதாக்குகிறது.

அலமேலு என்ற பெயர் அலர்மேல்மங்கை என்ற தமிழ்த் தொடரின் வழக்குருவம். தாமரைமேல் அமர்ந்த திருமகளைக் குறிப்பது. திருமகளின் பெயரைத் தாங்கியவளிடமிருந்து திருமகளின் நகையைக் கேட்டனர் என்பது கதையின் உட்பொருள்களுள் ஒன்று. ரங்கம்மா என்ற மற்றொரு பெயரும் ஸ்ரீரங்கத்து மரபைச் சார்ந்ததே. தென்கர்நாடகத்து வைணவத்தின் தமிழ்த் தொடர்புகளை ஆய்வோர் இப்பெயர் வேறுபாட்டையும் கவனிக்கலாம்.

சாபங்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலித்ததா என்று கேட்பதற்கு முன், சாபத்துக்கு முந்தைய நிமிடத்தில் என்ன பறிக்கப்பட்டது என்று கேளுங்கள். அலமேலம்மாவின் கதையில் மணலும் மடுவும் பிள்ளையின்மையும் பின்னால் வருபவை. முன்னால் நிற்பது கணவனை இழந்து, நகரத்தை இழந்து, கையிலிருந்த கடைசி நகைக்கும் கணக்குக் கேட்கப்பட்ட ஒரு பெண். அவள் எழுதிய ஓலை எதுவும் நம்மிடம் இல்லை. அவளுடைய உரிமைக்கோரிக்கை சாபமாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதைக் கோரிக்கையாகத் திரும்பப் படிப்பது வரலாறு பயில்வோரின் கடமை.