உவர்நீர் நுளம்பு ஆய்வும் திருகோணமலைக் கரையும்

டெங்கு, சிக்குன்குன்யா வைரஸ்களைக் காவும் ஈடிஸ் நுளம்புகள் கடலோரத்து உவர்நீரிலும் பெருகுகின்றன என்று காட்டிய ஆய்வுத் தொடர், இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் சின்னத்தம்பி சுரேந்திரனும் நோயெதிர்ப்பியலாளர் ரஞ்சன் ராமசாமியும் இதன் முதன்மை ஆய்வாளர்கள்; மட்டக்களப்புப் பகுதிப் பணியில் வினோபாபா இணைந்திருந்தார். குடம்பிகள் சேகரிக்கப்பட்டது பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்தான். ஆயினும் கொட்டியாரக்குடாவும் தம்பலகாமக்குடாவும் ஊருக்குள் புகுந்து கிடக்கும் திருகோணமலை மாவட்டத்தை விட்டுவிட்டு இம்முடிவுகளைப் படிக்க இயலாது. ஈடிஸ் நன்னீரில் மட்டுமே பெருகும் என்ற வரையறையை இங்கு நம்பியிருப்பது, தேடலைக் கரைக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவதாகும்.

அந்த வரையறைக்கு ஒரு வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவிலும் பனாமாவிலும் மஞ்சட்காய்ச்சலை அடக்கியவர்கள் வீட்டுப் பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் தேடினார்கள், அங்கேயே ஈடிஸ் எஜிப்தியைக் கண்டார்கள். ‘தெளிந்த நன்னீர் நுளம்பு’ என்ற பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. இலங்கையில் அக்காலத்துக் கவலை மலேரியாவே. 1920களில் ஹென்றி பிரான்சிஸ் கார்ட்டர், அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பே முதன்மைக் காவி என்று நிறுவினார். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். டீடீடீ தெளிப்புக்குப் பிறகு, 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென்று கை தளர்த்தியதும் அறுபதுகளின் கடைசியில் அது இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது வேறு கதை. குலிசிபேசிஸும் நன்னீருக்குரியதென்றே கருதப்பட்டது. 2010இல் இதே ஆய்வுக்குழு அதன் குடம்பிகளை மட்டக்களப்புக் கரையின் உவர்நீரில் கண்டது. ஓர் இனத்தில் பொய்த்த வரையறை மற்றோர் இனத்தில் மட்டும் ஏன் நிலைக்க வேண்டும்? ஈடிஸைத் தேடி அவர்கள் கரைக்குப் போனதற்கு இந்தக் கேள்வியே போதிய நியாயம்.

2011இல் வெளியான கட்டுரை அதற்குப் பதிலளித்தது. கரையோரக் குடியிருப்புகளில் எறியப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிக் கலங்கள், கைவிட்ட வள்ளங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றில் ஆயிரத்தில் 15 பங்கு வரை உப்பிருந்த நீரிலும் ஈடிஸ் எஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரண்டின் குடம்பிகளும் இருந்தன. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 பங்கு. ஆய்வுகூடத்தில் இளங்குடம்பிகளில் பாதியைக் கொல்ல 12, 13 பங்கு உப்புத் தேவைப்பட்டது. பாதி சாகும் நீரில் ஒரு நுளம்பினம் எப்படிப் பெருகும் என்று கேட்கலாம். மீதிப் பாதி பிழைக்கிறது என்பதே பதில். பிழைப்பது எது என்பதும் முக்கியம். 2014இல் யாழ்ப்பாணக் கரையின் உவர்நீரில் எடுத்த எஜிப்தியை உட்பகுதி நன்னீரில் எடுத்தவற்றோடு ஒப்பிட்டபோது, கரை நுளம்புகளே உப்பை அதிகம் தாங்கின. வீட்டுத் தொட்டிகளை மட்டும் துப்புரவாக்கிக்கொண்டே போனால், எஞ்சும் இடத்துக்குத் தேர்ச்சி பெற்ற நுளம்பை நாமே வளர்த்துவிடக் கூடும் என்ற ஐயத்துக்கு இது இடம் தருகிறது.

திருகோணமலையில் இந்த ஐயம் ஏட்டளவில் நிற்பதில்லை. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. அப்போது கரையில் கிடக்கும் வள்ளத்தில் மழைநீரும் அலைத்தெறிப்பும் கலந்து தேங்கும், வெயில் ஏற உப்பும் ஏறும். 2006இன் சிக்குன்குன்யா கிழக்குக் கரையைத் தாக்கியது. 2017 மார்ச்சில் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த கிண்ணியாவில் டெங்கு பரவியது. பாடசாலைகளைச் சில நாட்கள் மூடும் நிலை வந்தது. அவ்வாண்டு நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். இதற்கு உவர்நீரே காரணம் என்று சொன்னால் அது மிகை. டெங்கு வைரஸின் இரண்டாம் வகை மீண்டும் தலைதூக்கியபோது அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி மக்களிடம் குறைந்திருந்தது. அவ்வாண்டின் வீச்சை விளக்க அதுவே வலுவான காரணம். ஆனால் வைரஸ் வகை, நோய் ஏன் பெருகியது என்பதைச் சொல்லுமேயன்றி நுளம்பு எங்கே பிறந்தது என்பதைச் சொல்லாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

வலுவான ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது: வீடுவீடாக ஏறி இறங்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கடற்கரையையும் ஒப்படைப்பதா? வீட்டுக் கலங்களில்தான் பெரும்பங்கு நுளம்பு பிறக்கிறது என்பதும் உண்மையே. அவற்றை விட்டுவிடச் சொல்ல எவருக்கும் நியாயமில்லை. எனினும் கரையில் தேட வேண்டியவை கடலோ முழுக் களப்போ அல்ல, எண்ணிவிடக்கூடிய வள்ளங்களும் பாழ்க்கிணறுகளும். குடம்பிகளைக் கொல்லும் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பக்றீரியாவின் நஞ்சு உவர்நீரிலும் வேலை செய்வதை 2012இல் இதே குழு காட்டியுள்ளது. புது மருந்து தேட வேண்டியதில்லை. சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதல் தடுப்புச் சட்டம் வளவின் சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர் தலையில் பொறுப்பை வைக்கிறது. கரையில் மணலேறிக் கிடக்கும் உடைந்த வள்ளத்துக்கு எவர் பெயரில் அறிவித்தல் அனுப்புவது என்பது பிரதேச சபையும் கடற்றொழில் திணைக்களமும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.